அஞ்சு நிமிஷம்

ஹைட்ரஜன் நிரப்பும் குழாயின் நாசில் காரை விட்டு வரவில்லை. அப்பா முதலில் ஒரு கையால் இழுத்தார். பிறகு இரண்டு கையால். அப்புறம் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் நோட்டம் விட்டு, காரின் பக்கவாட்டில் காலை ஊன்றி இழுத்தார். நானும், பங்க்காரரும், முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நாசிலின் கழுத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பனி. ஹைட்ரஜனைக் காருக்குள் அனுப்பும் முன் கடுமையாகக் குளிரவைப்பார்கள். அப்போது காற்றில் இருக்கிற ஈரம் நாசில்மேல் உறைந்து, அதையும் காரையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். கொஞ்ச நேரத்தில் அதுவே உருகி விட்டுவிடும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பது மட்டும் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"இழுக்காதீங்க சார். அதுவா விடும்," என்றார் பங்க்காரர், செல்போன் விளையாட்டில் விரலால் பழங்களை வெட்டிக்கொண்டே.

அன்று அந்தப் பங்குக்குக் கடைசி நாள். எங்கள் ஊரில் இருந்த ஒரே ஹைட்ரஜன் பங்க் அது. இதுவரை எங்களுடன் பயணித்தமைக்கு நன்றி என்று கம்பெனி எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தது. எல்லோரும் என்றால் மூன்று பேர். அடுத்த பங்க் வேறு திசையில், வேறு ஊரில், மேம்பாட்டுப் பணிக்காகப் போன வருஷம் மூடப்பட்டது. இன்னும் மேம்பட்டுக்கொண்டிருக்கிறது.

அப்பா பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். சோதனைக் குழாயில் ஹைட்ரஜனைப் பிடித்து, எரிகிற குச்சியைக் காட்டி, 'டப்' என்று வெடிக்கவைத்து, பாருங்கள் தண்ணீர் என்று காட்டியே தலை நரைத்தவர். ஆனால் அவர் இந்தக் காரை வாங்கியது வேதியியலுக்காக இல்லை. அம்மாவுக்குப் பெட்ரோல், டீசல் வாசனை ஆகாது. பஸ் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்துக்குள் குடலே வெளியே வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அம்மா எந்த வண்டியில் ஏறினாலும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் பயணம் செய்திருக்கிறாள். அவர்களுடைய பழைய புகைப்படங்களில் அம்மாவுக்கு மூக்கே இல்லை. ஹைட்ரஜன் கார் வந்த அன்று தெருமுனைவரை போய்த் திரும்பியதும் அப்பா அவள் மடியைக் காட்டினார். கைக்குட்டை மடிப்புக் கலையாமல் அங்கேயே இருந்தது. ஏதோ பரிசு வாங்கிய பையனைப் போல நின்றார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பட்டபாடு தனி. காரில் எப்போதும் ஒரு டம்ளர் இருக்கும். விருந்தாளியைக் காருக்குப் பின்னால் குந்தவைத்து, புகைக்குப் பதிலாக அடியில் சொட்டுகிற தண்ணீரை டம்ளரில் பிடித்து, அப்பா அவர் முன்னாலேயே குடித்துக் காட்டுவார். சிலருக்கும் நீட்டுவார். அந்தச் சிலர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

எதிர்வீட்டுக்காரரிடம் பேட்டரி கார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. ராத்திரி காரைச் செல்போன் மாதிரி சொருகிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அப்பா அவருக்கு வைத்த பெயர் பிளக்கு. ஒருநாள் அவர் சண்டைக்கு வராமல், சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். கரண்டைச் செலவழித்து கேஸ் எடுக்கிறார்கள், அதை அமுக்கி லாரியில் கொண்டுவருகிறார்கள், நீங்கள் அதை வாங்கி வண்டிக்குள் மறுபடி கரண்ட் ஆக்குகிறீர்கள், நான் அந்தக் கரண்டை நேராகவே வாங்கிக்கொள்கிறேனே, எதற்கு இத்தனை சுற்று? அப்பா பதிலுக்கு ஐந்து விரல்களை மட்டும் விரித்துக் காட்டினார். அஞ்சு நிமிஷத்தில் டேங்க் நிரம்பிவிடும். ஒரு அவசரம் என்றால் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறக் காத்துக்கொண்டிருப்பீரா என்று அர்த்தம். அந்த லாரி ஓடுவது டீசலில் என்பதையும், அது பங்குக்குள் வரும்போது அம்மா கைக்குட்டையைத் தேடுவதையும் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அவசரம் அன்று காலை வந்தது. பெரியம்மாவுக்கு மறுநாள் இதய ஆபரேஷன் என்று போன். பெரியம்மாவே அம்மாவிடம் பேசினாள். உள்ளே போவதற்கு முன் உன் முகத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்றாளாம். பெரியம்மாவின் ஊர் முந்நூறு கிலோமீட்டர். டேங்க் நிரம்பினால் போய்விடலாம், திரும்பி வர முடியாது. அந்தக் கணக்கினாலேயே இரண்டு வருஷமாக அம்மா அக்காவைப் பார்க்கவில்லை. அப்பா மறுபடியும் கணக்கை ஆரம்பித்தபோது அம்மா குறுக்கே பேசினாள்.

"போய்ச் சேர்ந்தா போதும்ங்க. வர்றதை அப்புறம் பார்த்துக்கலாம்."

பங்குக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் இரண்டு கார்கள் நின்றன. கடைசி நாளாயிற்றே, ஊரின் மொத்த ஹைட்ரஜன் சமூகமும் திரண்டிருந்தது. முதல் கார் நிரம்பியது. இரண்டாவது கார் நிரம்பியதும் கம்ப்ரசர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மறுபடி அழுத்தம் ஏறட்டும் என்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். பங்க்காரர் கன்ட்ரோல் ரூமுக்கு போன் செய்தார். கன்ட்ரோல் ரூம் எங்கோ தொலைதூரத்தில் இருக்கிறது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னது. பண்ணினார். எங்கள் முறை வந்தபோது எண்கள் ஓடி, சரியாகப் பாதி டேங்கில் நின்றன. திரையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று வந்தது.

பாதி டேங்கில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகலாம். அப்பா மனசுக்குள் ஏதோ வகுத்துப் பெருக்குவது உதட்டில் தெரிந்தது. மெதுவாக ஓட்டினால், ஏசி போடாமல் ஓட்டினால், இறக்கங்களில் கால் வைக்காமல் ஓட்டினால். அந்த ஐம்பது கிலோமீட்டரை எப்படியாவது காற்றிலிருந்து பிடுங்கிவிடுகிற முகத்தோடுதான் நாசிலைக் கழற்றப் போனார். அது வரவில்லை.

இப்போது பாதி டேங்கும் பிரச்சினை இல்லை. கார் பங்கோடு கட்டிப்போட்ட மாடு போல நின்றது. அப்பா நாசிலை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தி, குனிந்து வாயால் ஊதினார். அம்மா ஜன்னலை இறக்கி, ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் இருக்கிறதே, ஊற்றலாமா என்று கேட்டாள். பங்க்காரர் தலையை நிமிர்த்தாமல் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். ஊற்றக்கூடாது என்று அதில் படம் போட்டிருந்தது. இந்த வேலைக்கு முன் ஜூஸ் கடையில் இருந்ததாகவும், அங்கே எதுவும் இப்படி ஒட்டிக்கொண்டதில்லை என்றும் அவர் என்னிடம் சொன்னார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் நின்றது. ஊதி ஊதி அப்பாவின் உதடு வெளுத்திருந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "எதிர்வீட்டு சாருக்கு ஒரு போன் போடு."

எந்த சார் என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. நான் விழித்ததை உணர்ந்து, "பேட்டரி வண்டி வச்சிருக்காரே, அவர்," என்றார், யாரோ தூரத்து மனிதரைப் பற்றிச் சொல்வது போல.

எதிர்வீட்டுக்காரர் காரில் சத்தமே இல்லாமல் வந்து நின்றார். ஒரு கேலி செய்திருந்தால்கூட அப்பாவுக்கு ஏதாவது திருப்பிச் சொல்ல வாய்த்திருக்கும். அவரோ, அரைச் சார்ஜ்தான் இருக்கிறது, வழியில் ஓரிடத்தில் சொருகியாக வேண்டும், அங்கே வரிசை இருந்தால் நேரமாகும், விடிவதற்குள் போய்விடலாம் என்றுதான் நினைக்கிறேன் என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அம்மா, "நீங்களும் வாங்களேன்," என்றாள். வண்டியை இப்படி விட்டுவிட்டு எப்படி வருவது, உருகியதும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாமா என்று அப்பா நாசிலிடம் சொன்னார். என்னை அம்மாவோடு போகச் சொன்னார்.

அம்மா இறங்கினாள். காருக்குள் இருந்த அந்த டம்ளரை எடுத்து, ஃபிளாஸ்கைத் திறந்து சுடுதண்ணீர் ஊற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள். "குடிங்க. கை விறைச்சுப் போச்சு பாருங்க." பிறகு விறுவிறுவென்று நடந்து பேட்டரி காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

கார் நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பங்க்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். அப்பா தண்ணீரைக் குடிக்கவில்லை. டம்ளரை நாசிலின் கழுத்தோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பனிக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் கொஞ்சம் ஆவி எழுந்தது. அவர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுக்காரரின் காரில் எந்த வாசனையும் இல்லை. புது சீட் வாசனைகூட இல்லை. அம்மா கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள், மடிப்பைப் பிரித்தாள், காரின் பின்பக்கக் கண்ணாடி வழியே அப்பா பார்த்தால் தெரிகிற மாதிரி முகத்தைச் சற்றே திருப்பி மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"வாசனை ஏதாவது வருதாம்மா?" என்று எதிர்வீட்டுக்காரர் முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்துப் பதறிப்போய்க் கேட்டார்.

 பங்க் வளைவில் மறைந்து, நாங்கள் வெகுதூரம் போன பிறகும் அம்மா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.