கே போட்ட படகு

மதியம் சத்யபிரியாவின் போன் அடித்தது. மீமிசலுக்குப் பக்கத்துக் கரையோர ஊரிலிருந்து சந்தனமேரி என்றொரு பெண்.

"எங்க வீட்டுக்காரரு காலையிலேயே கரையேறி, இந்தா உள்ள தூங்குறாரு. ஒங்க ஆப்புல இன்னும் கடல்லன்னு காட்டுது. இப்படியே கெடந்தா நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் தர மாட்டாங்கம்மா."

"பாக்குறேங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

படகுகள் கடலுக்குப் போவதையும் திரும்புவதையும் பதியும் செயலி அது. ஆறு பேர் பார்த்த வேலை. சென்னை அலுவலகத்தை மூடிய பிறகு, ஆலங்குடியில் ஒரு மாடி வீட்டிலிருந்து சத்யபிரியா ஒருத்திதான் பார்க்கிறாள். பெற்றோர் அண்ணனோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள். வாரத்துக்கு இரண்டு மீட்டிங் உண்டு. அதில் யாரும் முகம் காட்டுவதில்லை.

செயலியை முதலில் எழுதியவர் ராம்நாத். அவள் சேருமுன்பே வேறு கம்பெனிக்குப் போய்விட்டவர். நிரலில் எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர்களையே ஆங்கில எழுத்தில் வைத்திருந்தார். சிக்கலான ஓரிடத்தில், 'இங்கே கை வைக்கிறவங்க முதல்ல ஒரு டீ குடிச்சிட்டு வாங்க' என்று குறிப்பு வேறு. அதை முதன்முதலில் படித்தபோது சத்யபிரியா உண்மையிலேயே எழுந்து போய் டீ போட்டுக் குடித்திருந்தாள். இரண்டு வருடமாக அவள் அதிகம் படித்தது அந்த மனிதரின் எழுத்தைத்தான்.

கறுப்புத் திரையைத் திறந்து, 'நாட்டுப்படகு' என்ற பெயர் எந்தெந்தக் கோப்பில் வருகிறது என்று தேடச் சொன்னாள். நாற்பத்தோரு வரிகள் வந்தன. எல்லாம் சரியாகவே இருந்தன. படகு திரும்புவதைப் பதியும் பக்கம் மட்டும் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பழைய கோப்பு ஒன்றில் ராம்நாத்தின் எண் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழைத்தாள். தான் யாரென்று சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"படகுங்கிறதை வேற மாதிரி எங்கயாச்சும் எழுதியிருக்கீங்களாங்க?"

"இங்கிலீஷ்ல எழுதுறப்ப கடைசி 'கு'வுக்கு நான் எப்பவும் ஜிதாங்க போடுவேன். கே போட்டுத் தேடிப் பாருங்க."

தேடினாள். ஒரே ஒரு வரி வந்தது. போன வாரம் எழுதி, நேற்றிரவு செயலியில் சேர்த்த வரி. எழுதியவர் பெயரைக் கேட்டதும் திரை காட்டியது.

"யாருங்க எழுதுனது?" என்றார் ராம்நாத்.

"நான்தாங்க."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

"அந்தப் புரோகிராம் இன்னும் ஓடுதாங்க? என்ன எழுதுனேன்னே மறந்துபோச்சு."

"நான் தினமும் படிக்கிறேங்க. அந்த டீ குறிப்பு கூட..."

"எந்தக் குறிப்பு?" என்றவர், அவள் சொல்லுமுன், "மீட்டிங்குக்குக் கூப்பிடுறாங்க, வச்சிரட்டுமா?" என்றார்.

"சரிங்க."

அந்த எழுத்தை மாற்றினாள். சோதித்துப் பார்த்துவிட்டு, சந்தனமேரியை அழைத்தாள்.

"கரைன்னு வந்துருச்சும்மா!" அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. "அங்கிட்டு ஒங்க ஆபீசுல எல்லாருக்கும் நாங்க சந்தோசப்பட்டோம்னு சொல்லிருங்க."

"சொல்லிடுறேங்க" என்றாள் சத்யபிரியா.