பன்னிரண்டு வோல்ட்

1

இந்தக் கதை என் மகளின் அறிவியல் பயிற்சித்தாளில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஸ்டீல் கரண்டி, செப்புக் கம்பி ஒரு பக்கம்: மின்கடத்திகள். அழிப்பான், பிளாஸ்டிக் அடிக்கோல் மறுபக்கம்: கடத்தாப் பொருள்கள்.

"அப்பா, நாம எந்தப் பக்கம் லா?" என்று கேட்டாள்.

நனைந்தால் கரண்டி பக்கம் என்றேன். [முழு உண்மையல்ல. உலர்ந்த தோலும் கொஞ்சம் கடத்தும். அவளுக்குப் பள்ளிப் பேருந்து வந்துவிட்டது.]

2

தைப்பூசத்தன்று காலை, ஊர்வலப் பாதையில் டோபி காட் ரயில் நிலையத்தை நெருங்கும்போது பாலகிருஷ்ணனின் முதுகில் ஏதோ...

(இல்லை. ஆரபியிடமிருந்து தொடங்க வேண்டும்.)

ஆரபி எலக்ட்ரீஷியன். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் எதிர்வீட்டுக்காரர் பாலகிருஷ்ணனின் அலுமினியக் காவடிக்கு விளக்குச் சரம் கட்டி, பேட்டரி பொருத்திக் கொடுத்தவள். [முதல் வரைவில் ஆணாக இருந்தாள். காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.] ஊர்வலம் தொடங்கும் சிராங்கூன் சாலையிலிருந்து கூடவே நடந்தாள். கோயிலில் காவடியை இறக்கியதும் அவர் அழுதார்.

"பதினோரு வருஷமா தூக்குறேன்மா. இந்த வருஷந்தான் முருகன் என்னைத் தொட்டான். டோபி காட் கிட்ட முதுகெல்லாம் சுர்ருனு ஏறுச்சு."

காவடியைக் கழற்றும்போது ஆரபி பார்த்தாள். சிந்திய பாலில் ஊறிக் கறுப்பு டேப் உரிந்திருந்தது. ஒரு வயர் சட்டத்தில் பட்டிருந்தது. இன்னொன்று அவருடைய ஈர முதுகு உரசிய இடத்தில். பாலும் வியர்வையும் நன்றாகவே கடத்தும்.* தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தபடி பேட்டரியின் இணைப்பைக் கழற்றினாள்.

"அங்கிள்..." என்று தொடங்கினாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி வேணுமா?" என்றாள்.

* பன்னிரண்டு வோல்ட்தான். ஆனால் அலகு குத்திய உடம்பு. தோலின் காவல் அங்கே இல்லை.

3

அடுத்த வருடம் டேப்பை அவள் வேண்டுமென்றே தளர்வாக ஒட்டினாள் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் ஒட்டியிருப்பேன். அவள் தொழில் தெரிந்தவள். ஒவ்வோர் இணைப்புக்கும் ரப்பர் உறை போட்டு, மேலே டேப் சுற்றி, மீட்டர் வைத்து இரண்டு முறை சோதித்தாள்.

பாலகிருஷ்ணன் நடந்தார். டோபி காட் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஆரபி, ஒண்ணுமே தெரியலையே. இந்த வருஷம் அவன் வரலம்மா. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

4

"அங்கிள், போன வருஷம் வந்தது..."

(அடித்துவிட்டேன்.)

"முருகன் எப்பவும் உங்ககூட..."

(பொய். பொய் என்று அடித்துச் சொல்லவும் எனக்குத் தைரியமில்லை.)

உண்மையைச் சொன்னால் போன வருடத்து முருகனைப் பிடுங்குகிறாள். சொல்லாவிட்டால் செய்யாத தப்பை அவர் தலையில் கட்டுகிறாள். எதில் பாயும், எதில் பாயாது என்று கரண்டிக்கும் அழிப்பானுக்கும் பட்டியல் போட எனக்கு வருகிறது. இதற்கு வரவில்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது.

பின்னால் அடுத்த காவடி வந்துவிட்டது. ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டூழியர் "நடங்க, நடங்க" என்கிறார். பாலகிருஷ்ணன் நகரவில்லை; ஆரபியின் முகத்தையே பார்க்கிறார். அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

என்னிடம் சொல் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் கொடுங்கள், அவர் தோளில் பாரம் இருக்கிறது.