இருவாச்சிக்குப் பொன்னாடை

காட்டை நேசிக்கிறவர்கள் எட்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நேசம் அதிகமாக இருந்ததால் ஜீப்புக்குப் பத்துப் பேர். அவர்களுக்கும் முன்னாலேயே ஒரு லோடு ஆட்டோவில் பிரியாணி அண்டா வந்து, மலையடிவாரத்துப் புளியமரத்தடியில் அடுப்பேறிவிட்டது. கூடலூர் வன நேசர் மன்றத்தின் முதலாவது காட்டுநடை இப்படித்தான் தொடங்கியது.

வழிகாட்டி முனீஸ்வரி, வனக் குழு கொடுத்த பச்சைத் தொப்பியோடு நின்று தலைகளை எண்ணினாள். எண்பது. இத்தனைக்கும் காரணம் அவள் வாய்தான்.

ஜனவரி கடைசியில், மேலே சோலைக்குள் ஒரு பெரிய மரத்துப் பொந்தில் இருவாச்சிப் பெட்டை ஒன்று போய் உட்கார்ந்து, வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொண்டதை அவள்தான் முதலில் பார்த்தாள். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். குஞ்சு பொரித்து அது வெளியே வரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். கூட்டத்தையும் சத்தத்தையும் கண்டால் ஆண் கிட்டே வராது. வராமலே போனால் உள்ளே இருப்பவை பட்டினி கிடந்து சாகும். இவ்வளவும் தெரிந்த முனீஸ்வரி, பெருமை தாங்காமல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருநாள் வாயை விட்டுவிட்டாள்.

மறுவாரமே அங்கே பிளெக்ஸ் தொங்கியது. 'உலக வன நாள் விழா. இருவாச்சி தரிசனம். அசைவ விருந்து உண்டு.' பறவை ஒரு மூலையில் சிறிதாகவும், மன்றத் தலைவர் தங்கபாண்டி நடுவில் பெரிதாகவும் இருந்ததால், தரிசனம் யாருடையது என்று பார்த்தவர்களுக்குச் சின்னச் சந்தேகம் வந்தது.

தங்கபாண்டி ஏலக்காய் வியாபாரி. காட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவர் பேசும்போது இதுவரை யாரும் மறுத்துப் பேசியதில்லையே. முனீஸ்வரி அவர் கடைக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தாள்.

"அண்ணே, இப்ப வேணாம்ணே. குஞ்சு வெளிய வரட்டும். மே கழியட்டும்."

"நல்லாருக்கேத்தா நீ சொல்றது! வன நாளு மே மாசமா வருது? அனுமதி வாங்கியாச்சு. டிவிக்காரக வேற வாராக. பறவைக்குத் தொந்தரவு இல்லாம நான் பாத்துக்கிறேன்."

அப்படிச் சொன்னவர்தான் இப்போது பேட்டரி மைக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். "காட்டுக்குள்ள யாரும் சத்தம் போடக்கூடாது" என்று மைக்கிலேயே சொன்னார். எதிரொலித்தது.

ஒரு மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போனால் இருவாச்சி மரம். வலது பக்கம் கூப்பிடு தூரத்தில் ஒரு பட்டுப்போன மரம் இருந்தது. அதிலும் ஒரு பொந்து உண்டு. போன மழைக்காலம் வரை உடும்பு குடியிருந்து, அதுவும் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. முனீஸ்வரி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு வலது பக்கம் திரும்பினாள்.

"இதுதாண்ணே" என்று பொந்தைக் காட்டியபோது அவள் குரல் லேசாக நடுங்கியது. அது பக்தி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

செல்போன் கடை சசிதரன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்து, "அலகு தெரியுது, மஞ்சளா!" என்று கத்தினான். அதன் பிறகு எண்பது பேருக்கும் தெரிந்தது. ஓர் அம்மாள் பறவை தன்னைப் பார்த்துக் கண் சிமிட்டியதாகச் சொன்னாள். 'மரங்களைக் காப்போம்' என்ற பேனரை நாலு அங்குல ஆணியால் மரத்தில் அடித்தார்கள். வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்வதே நம்மூர் வழக்கம். இங்கே விருந்தாளி யார் என்று குழம்பிப்போன தங்கபாண்டி, "தாய்மைக்கு மரியாதை" என்று பட்டமரத்துக்கே பொன்னாடை போர்த்தினார். சுற்றளவுக்கு ஒன்று எட்டவில்லை. இரண்டை முடிந்து கட்டினார்கள். பிறகு பேச்சு ஆரம்பமானது.

மூன்றாவது பேச்சாளர் பேசும்போது தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. இருவாச்சியின் இறக்கைச் சத்தம் காட்டையே அதிர வைக்கும். அலகில் அத்திப்பழத்தோடு ஆண் பறவை வந்து, மைக் சத்தம் கேட்டு, திரும்பிப் போனது. இறக்கைச் சத்தத்தை மறைக்க முனீஸ்வரி ஓங்கி இருமினாள். வீண் இருமல். எல்லோரும் போனில் பொந்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கால் மணி கழித்து மறுபடி வந்து, மறுபடி திரும்பியது. ஐந்தாவது பேச்சாளர் அப்போதுதான் தொண்டையைச் செருமினார். முனீஸ்வரி தங்கபாண்டியிடம் போனாள்.

"அண்ணே, ஆனைச் சாணி பச்சையாக் கெடக்கு. இங்கன நிக்கிறது ஆபத்து" என்றாள்.

அது தப்பாகப் போயிற்று. "எங்கன, எங்கன?" என்று இருபது பேர் செல்ஃபி எடுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

அவள் யோசித்தாள். பிறகு சசிதரன் காதருகே போய், "கீழ அண்டாவத் தொறந்துட்டாகளாம். டிரைவர்மாரு மொதப் பந்தியில உக்காந்துட்டாகளாம்" என்றாள்.

மூன்றே நிமிடத்தில் காடு காலி. பேச்சாளர் பாதி வாக்கியத்தை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினார். தங்கபாண்டி மட்டும் கொஞ்சம் தயங்கி, "பீஸ் மிஞ்சுமாத்தா?" என்று கேட்டுவிட்டு ஓடினார்.

முனீஸ்வரி இடது பக்கப் பாதைக்குப் போய், இருவாச்சி மரம் தெரிகிற ஒரு புதருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இறக்கைச் சத்தம். உண்மையான மரத்தின் கீறலில் அலகு ஒன்று நீண்டது. பழம் ஒவ்வொன்றாக உள்ளே போனது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

கீழே இறங்கியபோது அண்டாவில் கரண்டி மட்டும் கிடந்தது. தங்கபாண்டி அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தி, மைக்கில் அறிவித்தார்: "அடுத்த வருசம் ஐந்நூறு பேர். அந்த மரத்துக்குச் சிமெண்டுப் பாதை, சுத்தி கம்பி வேலி, வாசல்ல ஆர்ச்!"

எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவள் முனீஸ்வரிதான். அன்றிலிருந்து மழை பெய்யும்போதெல்லாம் அவள் குலசாமியிடம் வேண்டிக்கொள்வது ஒன்றே ஒன்று: அந்தப் பட்டமரம் அடுத்த வன நாள் வரைக்கும் விழுந்துவிடக் கூடாது.