சாதா மூலக்கூறு

1

இந்தக் கதை என் தங்கையின் எரிச்சலில் பிறந்தது. தங்கத் தகட்டின்மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் படலம் வளர்த்து, அதன்மேல் இன்னொரு உலோகம் பூசி, அந்த மூலக்கூறே மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் காட்டும், கண்ணுக்குத் தெரியாத சுவிட்ச் செய்கிறாள். நான்கு வருடமாக, முனைவர் பட்டத்துக்காக. நூறு செய்தால் தொண்ணூறு பாழ். மேல் உலோகம் படலத்து ஓட்டைகளில் இறங்கி அடித்தகட்டைத் தொட்டுவிடும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மூலக்கூறுகள் படைவீரர்களைப் போல அணிவகுத்து

(அடித்துவிட்டேன். "வீரனும் இல்ல, சூரனும் இல்லண்ணா. பாதி கோணலா நிக்கும், மீதி நிக்கவே நிக்காது" என்றாள்.)

2

செவ்வாயன்று அந்தச் சுவிட்ச் பதித்த ஒன்பது சிப்கள் வேலை செய்தன. வெள்ளிக்குள் ஆய்வுக் கட்டுரையை அனுப்பச் சொன்னார் அவளுடைய பேராசிரியர். அவள் ஒப்பீட்டுக்கு இன்னொரு சிப் செய்தாள். எல்லாம் அதேதான், மூலக்கூறு மட்டும் சுவிட்ச் ஆகத் தெரியாத சாதா ரகம்.

அதுவும் சுவிட்ச் ஆனது. அச்சு அசலாக.

"சார், இது மூலக்கூறோட வேலையே இல்ல. உலோகம் இழை மாதிரி வளந்து ஒட்டுது, பிரியுது."

"ஒரு சிப்பை வெச்சு ஊரைக் கூட்டாதம்மா. அதைக் கட்டுரையில சேக்காத, அவ்வளவுதான்."

"நாலு வருஷம் சார்."

"அதனாலதான் சொல்றேன்."

3

முடிவு அ: மறைக்கிறாள். பட்டம் கிடைக்கிறது. பிறகு ஒருநாள் மனசாட்சி (சகிக்கவில்லை.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்லி நிமிர்ந்து நிற்கிறாள். வெளியே மழை. (மழையை யார் கேட்டது?)

இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன்.

"என்னை எடுத்துட்டு ஒரு வக்கீலைப் போடு. கதை ஓடுதா பாரு."

போட்டேன். சாட்சியை மறைக்கும் வக்கீல். ஓடியது. கலப்படத்தை மறைக்கும் சமையல்காரர். அதுவும் ஜோராக ஓடியது.

"அப்ப இதுல நான் எங்கண்ணா இருக்கேன்? இதையும் அச்சுக்கு அனுப்பிடுவியா?"

பத்திரிகையில் என் கதைக்குப் பக்கம் ஒதுக்கியாயிற்று. அவர்களுக்கும் வெள்ளிதான் கெடு.

4

வெள்ளி. ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். அவள் கணினியில் கட்டுரை இரண்டு வடிவத்தில் இருக்கிறது: சாதா சிப்பின் வரைபடத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.

"நீ முதல்ல அனுப்பு, பாக்கலாம்" என்கிறாள்.

இது உங்கள் கையில் இருப்பதால் நான் அனுப்பிவிட்டேன் என்பது தெரிந்திருக்கும். மூன்றாம் பகுதியை வெட்டாமல்தான் அனுப்பியிருக்கிறேன்; அது என் கதைக்கு எதிரான சாட்சி என்று தெரிந்தே.

அவள் எதை அனுப்பினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் எனக்கு மறுபடி மழை பெய்ய ஆரம்பிக்கும். பேராசிரியர் போனில் கூப்பிடுகிறார். "சொல்றேன் சார்" என்றபடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறாள். நான் அறையை விட்டு வெளியே போகிறேன். நீங்கள் இருந்து கேளுங்கள்.