எங்கள் தெருவில் டவர் கிடைக்காது

எங்கள் தெருவில் டவர் கிடைக்காது. இதை நான் சொல்லவில்லை. சேதராப்பட்டில் நான் வேலை பார்க்கும் பாட்டில் மூடி கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒதியம்பட்டு, வாய்க்கால் ஓரத் தெரு என்றாலே, "ஐயோ பாவம், அங்க போனே போகாதே" என்று உச்சுக் கொட்டுவார்கள்.

அந்தப் பெயரை எடுக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஏனென்றால் எங்கள் தெருவில் டவர் அள்ளும். கக்கூஸுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாலும் வீடியோ நிற்காமல் ஓடும்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். சூப்பர்வைசர் தமிழ்க்குமரன் ஞாயிறு விடிந்ததும் போன் போடுவார். "அருள்முருகா, ஓ.டி. இருக்கு, வந்துடு." ஓ.டி. கசக்கிறதா என்று கேட்பீர்கள். கசக்கவில்லைதான். ஆனால் என் மனைவி மஞ்சுளா துணி தைக்கிற கம்பெனிக்குப் போகிறாள். எனக்கு மாறி மாறி ஷிப்ட். வாரம் முழுக்க நாங்கள் வாசல்படியில்தான் சந்தித்துக்கொள்வோம். அவள் உள்ளே வர, நான் வெளியே போக. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உட்கார்ந்து சண்டை போட நேரம் கிடைக்கும். அதையும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் கல்யாணம் எதற்கு?

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவன் எதிர்வீட்டு மரியசுந்தரம். எனக்கு அடுத்த மிஷினில் நிற்பவன். ஒரு ஞாயிறு பூசையில் பாட்டுப் பாடுவதற்காகப் போனை அணைத்து வைத்திருந்தான். திங்கட்கிழமை தமிழ்க்குமரன் பிடித்துக்கொள்ள, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்: "எங்க தெருவுல டவரே இல்ல சார்." பக்கத்தில் நின்ற நான், நட்புக்காகத் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். ஆட்டிய தலையை நிறுத்த முடியாமல் ஏழு வருஷம் ஓடிவிட்டது. தெருவில் கம்பெனிக்குப் போகிற அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"பூசையில இருந்து வந்து பொய் சொன்னியேடா, பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொல்லிட்டேன்பா. சாமியாரு மன்னிப்புக் குடுத்தாரு. அப்புறம், 'அவ்ளோ நல்லா கெடைக்குதா? எந்தக் கம்பெனி சிம்மு?'ன்னு கேட்டாரு."

இப்படி நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் தும்பி வந்தது.

தும்பி என்பது புது மொபைல் கம்பெனி. ஏற்கெனவே மூன்று கம்பெனிகள் வில்லியனூர் கடைத்தெருவில் கலர் கலராகக் குடை விரித்து, போகிறவன் வருகிறவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. நாலாவதாக ஒன்று வருகிறது என்றதும் ஊருக்கே கல்யாணக் களை வந்துவிட்டது. ஆறு மாதம் எல்லாம் இலவசம் என்றான் ஒருவன். சிம் வாங்கினால் போனே தருகிறார்கள் என்றான் இன்னொருவன். மிக்ஸி என்று யாரோ சொன்னதை நம்பி, இருந்த மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்காமல் நான் தள்ளிப்போட்டேன்; அந்த மாதம் முழுக்க என் வீட்டில் அம்மியில் அரைத்த சட்னிதான். அரைத்தது நான். பழைய கம்பெனிகளிடமிருந்து வேறு, "எங்களை விட்டுப் போய்விடாதீர்கள்" என்று நாளுக்கு நாலு மெசேஜ். என்னிடம் யாரும் அப்படிக் கெஞ்சியதில்லை; ஒன்றைக்கூட அழிக்க மனம் வரவில்லை.

தும்பிக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். "உங்கள் பகுதியில் சிக்னல் இல்லையா? ஓட்டுப் போடுங்கள். அதிக ஓட்டு வாங்கும் இடத்தில் எங்கள் முதல் கிராமத்து டவர்" என்று போனில் ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள்.

மறுநாளே தமிழ்க்குமரன் எங்களைக் கூப்பிட்டார். "இன்னாப்பா, தும்பியில ஓட்டுப் போட்டீங்களா? டவர் இல்லாதவன்லாம் போடறான். போட்டுட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க."

ஆதாரம் கேட்கிறார் என்று புரிந்தது. விடுவோமா? வீட்டில் இருந்த போன், பிள்ளைகள் போன், மாமியார் போன் என்று தெருவே உட்கார்ந்து ஓட்டுப் போட்டது. மரியசுந்தரம் பாடகர் குழுவையே ஓட்டுப் போட வைத்தான். டவர் இல்லை என்று நான் போட்ட ஓட்டு, எங்கள் டவரின் வேகத்தில் கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாள் கழித்து எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. "வாழ்த்துகள்! தும்பியின் முதல் கிராமத்து டவர் உங்கள் தெருவில். ஞாயிறு காலை எங்கள் இன்ஜினியர் இடம் பார்க்க வருகிறார்."

புதுச்சேரி கிராமத்துப் பக்கம் மொத்தத்திலும் டவரே இல்லாத இடம் எங்கள் தெருதானாம். முதல் பரிசு.

அன்று சாயங்காலம் மரியசுந்தரம் வீட்டு மாடியில் அவசரக் கூட்டம். வந்தவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தால் யாரோ தவறிவிட்டார்கள் என்றே நினைப்பீர்கள்.

"டவர் வந்துட்டா இனிமே இன்னா சொல்லுவ? போஸ்ட்டு வாசல்லயே நிக்குமே!" என்றான் ஒருவன்.

"அப்ப அந்த இன்ஜினியர்கிட்ட உண்மையச் சொல்லிடலாம். ஏற்கெனவே டவர் இருக்கு, வேணாம்னு."

"சொன்னா தமிழ்க்குமரனுக்குத் தெரிஞ்சிடும். ஏழு வருசப் பொய்யி. மொத்தமா வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

பொய்யைக் காப்பாற்றினால் டவர் வந்துவிடும். டவரைத் தடுத்தால் பொய் போய்விடும். இப்படி ஒரு இக்கட்டை நாங்களே சொந்தச் செலவில் கட்டி, குடியும் போயிருந்தோம். கடைசியில், "சும்மா இருப்போம், நடக்கறது நடக்கட்டும்" என்று முடிவானது. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் எங்கள் தெருவுக்கு நல்ல அனுபவம் உண்டு.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பிரிவு பவுனம்மாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மடுகரையைத் தாண்டி, கரும்புக்கு நடுவே நாலைந்து வீடு. அங்கேயிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்.

"தம்பி, உங்க தெருவுக்கு டவர் வருதாமே? குடுத்து வெச்சவங்கப்பா நீங்க."

"ஆமாம்க்கா" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"எங்களுக்கு கரும்பு முட்டிக்கால் ஒசரம் இருக்கிற வரிக்கும் கொஞ்சம் கெடைக்கும். ஆள் ஒசரம் வளந்துச்சுன்னா போன் வெறும் டார்ச் லைட்டுதான். போன மாசம் ஷிப்ட்ட மாத்துனத சார் போன்ல சொன்னாராம். எனக்கு இன்னா தெரியும்? வந்தா கேட்லயே திருப்பி அனுப்பிட்டாரு. டவர் இல்ல சார்ன்னேன். 'எல்லாரும் இதே பாட்டத்தான் பாடறீங்க'ன்னுட்டாரு."

அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

"அது போவட்டும் தம்பி. எம் பொண்ணு தனக்கொடி மாசமா வூட்டுக்கு வந்திருக்கா. தலப்பிரசவம். நான் இங்க கெடக்கறேன். வலி கண்டா நூத்தியெட்டக் கூப்புடக்கூட அவ வயித்தத் தூக்கிக்கினு ரோடு வரிக்கும் நடக்கணும். அத நெனச்சாத்தான் பக்குங்குது." அதைச் சொல்லிவிட்டு, என் தட்டைப் பார்த்து, "இன்னா தம்பி, சாப்புடவே இல்ல? இந்தா, கருவாட்டுக் கொழம்பு ஊத்திக்க" என்று ஊற்றினார்.

அந்தக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஒருவன் சும்மா இருக்க முடியுமா? முயற்சி செய்து பார்த்தேன். சாயங்காலம் வரை முடிந்தது. வீட்டுக்கு வந்து மஞ்சுளாவிடம் சொன்னேன்.

"போய் சொல்லிடு" என்றாள்.

"வேலை போயிடுமேடி."

"போனா ஞாயித்துக்கெழம மட்டும் இல்ல, எல்லா நாளும் வூட்டுலயே இருப்ப" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் பாத்து சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. தானும் பார்க்க வருவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவர் வருவதற்கு முன் இன்ஜினியரைப் பிடித்துவிட வேண்டும் என்று தெருமுனையிலேயே நின்றேன். காரில் வந்து இறங்கியது ஒரு பெண். பெயர் ஸ்டெல்லா. கையில் ஒரு லேப்டாப், அதிலிருந்து தொங்குகிற ஒயரில் நாலு போன்.

"மேடம், ஒரு நிமிஷம். இந்த டவர் எங்களுக்கு வேணாம்."

"ஏன் சார்? கதிர்வீச்சு பயமா? அதெல்லாம்..."

"அந்தக் கருமம் ஒண்ணும் இல்லீங்க. எங்க தெருவுல டவர் அள்ளுது. நாங்க பொய் ஓட்டுப் போட்டோம். ஞாயித்துக்கெழம ஓ.டி.க்குக் கூப்புடறாங்கன்னு சும்மா டவர் இல்லன்னு சொல்லிக்கினு இருக்கோம். மடுகரையத் தாண்டி பவுனம்மான்னு ஒரு அக்கா இருக்காங்க. அவங்க எடத்துல நெஜமாவே இல்ல. அங்க வெச்சிடுங்க."

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். தமிழ்க்குமரன் பைக்கை அணைத்துத் தள்ளிக்கொண்டே வந்து, எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, தெரு நடுவே வந்துகொண்டிருந்த மரியசுந்தரத்தின் சட்டைப்பையில் மாதா பாட்டு கணீரென்று ஒலித்தது. அவன் அதை அமுக்கினான். நிற்கவில்லை. மறுபடி அமுக்கினான். ஸ்பீக்கரில் அவன் தங்கச்சி, "அண்ணே, மீன் வாங்கிட்டியா?" என்று கேட்டது தெருக்கோடி வரை தெளிவாகக் கேட்டது.

தமிழ்க்குமரன் என் கையைப் பிடித்து மின்கம்பத்துக்குப் பின்னால் இழுத்துப் போனார். போச்சு என்று நினைத்தேன்.

"யோவ், உனக்கு மூளை இருக்குதா?"

"தப்புதான் சார். ஏழு வருசமா..."

"அதச் சொல்லல. சத்தமா சொல்றியே, அதக் கேக்கறேன். சேதராப்பட்டுலயே முப்பது பேரு குடியிருக்கான். ஒரு போன் போட்டா அஞ்சு நிமிஷத்துல கேட்ல வந்து நிப்பான். அவனையெல்லாம் வுட்டுட்டு ஞாயித்துக்கெழமயானா உங்க தெருவுக்கே ஏன்யா போன் அடிக்கறேன்? யோசிச்சிருக்கியா?"

நான் யோசித்ததில்லை. யோசிக்கிற ஆள் என்றால் அம்மியில் சட்னி அரைத்திருப்பேனா?

"நீங்க எடுக்க மாட்டீங்கன்னுதான்யா! சென்னை மேனேஜருக்கு, 'எல்லாருக்கும் அடிச்சேன் சார், டவர் இல்லாத ஏரியா, ஆள் கெடைக்கல, இந்த வாரம் மிஷின் ஓட்ட முடியாது'ன்னு சொல்லிட்டு நானும் வூட்ல இருக்கேன். அந்த ஸ்கிரீன்ஷாட்ட அவருக்கு அனுப்பத்தான் கேட்டேன். நீங்க இன்னாடான்னா ஜெயிச்சித் தொலைச்சிட்டீங்க. எப்படியாவது இத நிறுத்த முடியுமான்னு பாக்க வந்தேன்." பெருமூச்சு விட்டார். "எனக்கும் ஒரு பொண்டாட்டி இருக்காய்யா."

நான் அவர் கையைக் குலுக்கிவிட்டேன். சூப்பர்வைசர் கையைக் குலுக்குவது அதுவே முதல் தடவை. இரண்டு பேர் உள்ளங்கையிலும் ஒரே வியர்வை.

ஸ்டெல்லா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "இங்க சிக்னல் சூப்பரா இருக்கு. நாலு கம்பெனி வெச்சாலும் தாங்கும். ஆனா நீங்க சொல்ற அந்த மடுகரைப் பக்கத்துலேர்ந்து ஒரு ஓட்டுகூட வரலியே. எங்க ஆபீஸ்ல எப்படி ஒத்துப்பாங்க?"

"எப்படி மேடம் வரும்? டவர் இல்லன்னு ஓட்டுப் போடறதுக்கு டவர் வேணுமே!" என்றேன்.

அவர் லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக மூடினார். "வாங்க, வழி காட்டுங்க."

நானும் மரியசுந்தரமும் காரில் ஏறினோம். "நானும் வரேன், எனக்கு இன்னா வேலை இன்னிக்கு?" என்று தமிழ்க்குமரனும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மடுகரை தாண்டி, கார் கரும்புக்கு நடுவே நுழைந்ததும் ஸ்டெல்லாவின் போன்களில் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிக் கோடும் போன இடத்தில் பவுனம்மாள் வீடு. சத்தம் கேட்டு வெளியே வந்தவர் முதலில் பார்த்தது சூப்பர்வைசரைத்தான். கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தார்.

"ஐயோ சார், போன் அடிச்சீங்களா? மறுபடியும் ஷிப்ட்ட மாத்திட்டீங்களா? சத்தியமா டவர் இல்ல சார், பொய் சொல்லல!"

தமிழ்க்குமரன் தன் போனை எடுத்துப் பார்த்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த தனக்கொடி, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "இன்னும் தூக்குங்க சார், தென்ன மரத்துல ஏறினா ஒரு கோடு வரும்" என்றாள்.

"இல்லம்மா" என்றார் அவர் பவுனம்மாளிடம். "ஷிப்ட் மாத்தல. சும்மாதான் வந்தோம்." காலால் மண்ணைக் கிளறினார். "அன்னிக்கு உங்கள கேட்ல நிறுத்துனது... அந்த நாளுக்கு வருகை போட்டுடறேன். நீங்க சொன்னது நெஜம்தான்."

பவுனம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் கரும்பைப் பார்த்தேன். மரியசுந்தரம் வானத்தைப் பார்த்தான், பாடகர் குழு என்பதால் அது அவனுக்கு எளிதாக வரும்.

"குழந்தை எப்பம்மா?" என்று ஸ்டெல்லா கேட்டார்.

"மாசி பொறந்ததும்" என்றாள் தனக்கொடி.

"அதுக்கு முன்னாடி உங்க போனைப் பேச வெச்சிடறேன். எங்களுக்கும் அவசரம்தான். அந்த மூணு கம்பெனியும் இல்லாத ஒரு இடம் கெடைச்சா, விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேணாமா?" காரிலிருந்து ஒரு நீளமான டேப்பை எடுத்து வந்தார். "யாராவது ஒரு முனையைப் பிடிங்க."

நான் கை நீட்டுவதற்குள் தமிழ்க்குமரன் பிடித்துக்கொண்டார். கட்டிலில் கால் நீட்டி உட்கார வேண்டிய மனுஷன், சென்னையிலிருந்து எவனும் கூப்பிடவே முடியாத இடத்தை அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்டுபிடித்தவர், அதைக் கெடுப்பதற்கான டேப்பை இழுத்துக்கொண்டு கரும்புக்குள் போனார். தலைகூடத் தெரியவில்லை, கரும்பு ஆடுவதை வைத்துத்தான் ஆள் எங்கே என்று கண்டுபிடித்தோம்.

"சார், இன்னும் நாலடி தள்ளி!" என்று நான் கத்தினேன்.

"கேக்கலப்பா!" என்றது கரும்பு. "கட்டாவுது, கட்டாவுது!"