ஆறாவது பாட்டில் ஒரு ஃப்ரிட்ஜ்

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டுக்குள் கிடைத்தது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்ட். "பயப்படாதீங்க, காத்து வரும். கதவைத் திறக்க அரை மணி ஆகும், பேசிக்கிட்டே இருங்க" என்று வெளியே இருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. என்ன பேசுவது? போனில் ஓடிக்கொண்டிருந்த ராக் ஆல்பத்தைப் பற்றிச் சொன்னேன். "முழுசும் ஒரே கதையைச் சொல்ற கான்செப்ட் ஆல்பம்ங்க" என்று கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

வெளியே ஸ்பேனர் சத்தம் நின்றது.

"கதையுமில்ல, கத்தரிக்காயுமில்ல. அதுல டிரம்ஸ் அடிச்சதே நான்தான்."

மீதியைக் கீழே இறங்கிய பிறகு, படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இருபது வருடங்களுக்கு முன்பு இரண்டு நண்பர்கள் சேர்ந்து —"

விட்டுவிட்டேன். அவர்கள் நண்பர்கள் இல்லை, மச்சானும் மாப்பிள்ளையும். அந்த உறவில் நட்பைவிடச் சண்டைக்கு வசதி அதிகம்.

பிறகு: "இசை என்பது —" (இப்படி ஒரு வாக்கியத்தை நான் தொடங்கினேன் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. ஒருவன் அமைதியாக வீட்டை விட்டுக் கிளம்புகிறான். போகப் போகக் குரல் கரகரத்து, கடைசிப் பாட்டில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நிற்கிறான். கேட்கிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். அதில் எட்டுப் பாட்டுகளைப் பாடியவர் மெக்கானிக்கின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். ஆறாவதை மட்டும் மெக்கானிக்கே எழுதி, டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடினார். ராத்திரியெல்லாம் உறுமும் ஒரு பழைய ஃப்ரிட்ஜைப் பற்றிய பாட்டு. வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே பாட்டு அதுதான்.

இப்போது ஆல்பம் மறுபடி வெளிவரப் போகிறது. அட்டையில் 'கான்செப்ட் ஆல்பம்' என்று போட மச்சானுக்கு ஆசை. அப்படியென்றால் ஆறாவது பாட்டைத் தூக்க வேண்டும். தூக்குவதற்கு மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும்.

3

"வீட்டை விட்டுப் போனவனுக்கு ஏது மாப்ளே ஃப்ரிட்ஜ்?" என்று காகிதத்தை நீட்டினார் மச்சான்.

"மச்சான், அதுல கதையே கிடையாது. உங்க தொண்டைதான் இருக்கு."

உண்மைதான். ஸ்டுடியோவை ஒரு நாளைக்கு எடுத்திருந்தார்கள். மச்சானுக்குத் தொண்டை கட்டினால் அன்றைக்கு முழுசாகச் சரியாகாது. அதனால் மெதுவான பாட்டுகளை முதலிலும், கத்த வேண்டியவற்றைக் கடைசியிலும் பதிவு செய்தார்கள். அந்த வரிசையே ஆல்பத்தின் வரிசையாகிவிட்டது. ஐந்தாவது முடிந்ததும் மச்சான் வெளியே போய் வெந்நீர் குடித்தார். நேரம் வீணாகிறதே என்று மாப்பிள்ளை மைக்கை இழுத்து ஃப்ரிட்ஜைப் பாடிவிட்டார்.

"தொண்டை கட்டினதுக்குப் பேரு கான்செப்டா?"

"கேக்குறவங்க அழுறாங்க மாப்ளே. அவங்ககிட்டப் போய் வெந்நீர்க் கதையைச் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

(மச்சானை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. 'அந்த ஃப்ரிட்ஜ் பாட்டு வந்தா தள்ளிவிட்டுருவோம்' என்று ரசிகர்கள் அவரிடமே சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் மாப்பிள்ளையிடம் ஒருநாளும் சொன்னதில்லை.)

செய்தவன் நினைக்காத கதை கேட்கிறவன் காதில் விழுந்தால் அது கதையா, இல்லையா? எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. என் போன தொகுப்பில் பக்கம் போதவில்லை என்று டிராயரில் கிடந்த மூன்று கதைகளைச் சேர்த்தேன். ஒரு பேராசிரியர் அந்த மூன்றையும் காட்டி, 'திட்டமிட்ட கட்டமைப்பு' என்றார். நான் மறுக்கவில்லை. தலையாட்டினேன்.

4

மெக்கானிக் என்னைப் போல இல்லை, பிடித்த பிடியை விடமாட்டார். பாட்டுகளை எப்படி மாற்றிப் போட்டாலும் எதுவும் கெடாது, ஏனென்றால் கதையே இல்லை. கதை இல்லையென்றால் ஃப்ரிட்ஜைத் தூக்கக் காரணமும் இல்லை. இதை நிரூபித்தே தீருவதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியை உட்காரவைத்தார். முதலில் மச்சான் கேட்டபடியே ஆறாவதை விட்டுவிட்டு, ஐந்துக்கு அடுத்து ஏழைப் போட்டார்.

"நிறுத்துங்க," என்றாள் மனைவி. "அஞ்சுல அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருக்கு. ஏழுல கொஞ்சம் தெளிஞ்சிருக்கே, அது எப்படி?"

"அன்னிக்கு ஸ்டுடியோ வாசல்ல நீதானே வெந்நீர் போட்டுக் குடுத்த!"

"அது எனக்குத் தெரியும். கேக்குறவங்களுக்கு? நடுவுல அந்த ஆளு எங்கேயோ ஒரு ராத்திரி தங்கியிருக்கணும்ல? தூக்கம் வராம ஏதோ ஒரு ரூம்ல படுத்திருப்பான். அங்க ஒரு ஃப்ரிட்ஜ் உறுமிக்கிட்டு இருக்கும்."

மெக்கானிக்குக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சந்தோஷம் அதற்குப் பிறகுதான். பாட்டைக் காப்பாற்ற வழி கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால், இருபது வருடமாக இல்லை என்று சாதித்த கதையை இருக்கிறது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

5

முடிவு அ: வீம்பு பிடிக்கிறார். கையெழுத்தும் இல்லை, ஆல்பமும் இல்லை. மச்சானும் மாப்பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. (எழுதினேன். அவர் வீம்பு பிடித்தவர்தான், முட்டாள் இல்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: இருவரும் கட்டிப்பிடித்து — (இதற்கு மேல் என் கை போகவில்லை.)

நடந்தது இது. மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மச்சான் வீட்டுக்குப் போனார்.

"கான்செப்ட் ஆல்பம்னே போட்டுக்கோங்க மச்சான். கதை இருக்கு, நான்தான் கவனிக்கல. ஆனா ஆறாவது இல்லாம அது நொண்டும். அஞ்சு, ஆறு, ஏழு, மூணையும் கேளுங்க. கேட்டுட்டுப் பதில் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

மச்சான் பெருமூச்சு விட்டுவிட்டு ஹெட்போனை மாட்டினார். ஐந்து முடிந்தது. ஆறு தொடங்கியதும், பழக்க தோஷத்தில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அப்போதுதான் மெக்கானிக்குக்குப் புரிந்தது. பதிவின்போது அவர் வெளியே போயிருந்தார். மேடையிலும் இந்தப் பாட்டு வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். வீட்டில் கேட்டாலும் தள்ளிவிட்டிருப்பார். பாதி எழுந்தவர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

ஹெட்போனைக் கழற்றியதும் மச்சான் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அந்த வரி உங்களுடையது, என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இப்போதே வேண்டாம். பாட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. இருபது வருடத்தில் முதல்முறையாக மனிதர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.