ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தின் பின்பக்கம்

1

இந்தக் கதையின் முதல் வரி இப்போது என்னிடம் இல்லை. அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. நேற்றுக் காலை நானே என் கையால் கொடுத்தேன்.

வருகிற ஞாயிறு, அப்பா, அம்மா, அண்ணன், நான் என நான்கு பேரும் எங்கள் ஆற்றங்கரை ஊரான காந்தோ நகரத்துக்குள்ளேயே ஒரு நாள் சும்மா சுற்றிவருவதாக ஏற்பாடு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் திட்டம் எழுதும் வேலை எனக்கு வந்தது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். முன்பக்கத்தில் திட்டம் எழுதினேன். பின்பக்கத்தில், முன்பே நான் எழுதி மறந்தே போன இந்த வரி இருந்தது:

‘அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். அது எங்கள் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.’

(நான் நோட்டில் கதை எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. அரிசிப் பானைக்குப் பின்னால் ஏழு நோட்டுகள் இருக்கின்றன.)

2

எங்கள் ஊரில் பெரிய நோய் என்றால், நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பிள்ளையைத்தான் டாக்டர் உள்ளே கூப்பிடுவார். கியெம் அண்ணன் உள்ளே போனான். வெளியே வந்து, “பழைய சளிதான்ப்பா” என்றான்.

சுற்றிவருவது சாக்கு. அம்மாவுக்கு வேண்டியது அப்பாவின் படம் ஒன்று. காலர் வைத்த சட்டையில், தனியாக, வீட்டில் இறந்தவர்களின் படங்கள் இருக்கும் முன்னோர் மாடத்தில் ஊதுவத்திக்குப் பின்னால் வைக்கத் தகுந்த படம். அப்பாவுக்கு இருப்பதெல்லாம் கல்யாண வீடுகளில் பியர் டம்ளரோடு எடுத்தவை. முகம் வற்றிப்போவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

“காலையில படகுல நூடுல்ஸ். அப்புறம் படித்துறை. பத்து மணிக்கு போட்டோ,” என்று அண்ணன் சொன்னான்.

“போட்டோவ நடுவுல எழுதுடி. மொதல்ல எழுதினா சந்தேகப்படுவாரு,” என்றாள் அம்மா.

படகு மோட்டார் பழுதுபார்க்கும் அப்பா, மோட்டார் விசிறி ஒன்றைத் துடைத்துக்கொண்டே பட்டறையிலிருந்து உள்ளே வந்தார். “என்ன, ரகசிய மாநாடா?”

“குடும்பமா ஒரு படம் எடுக்கலாம்னு…” என்று இழுத்தாள் அம்மா.

“கியெம் எடுத்தா நாம மூணு பேரு நிப்போம். மூணு பேரு நின்னா நடுவுல நிக்கிறவன்தான் மொதல்ல போவான்னு நீதானே சொல்லுவே? என்னை நடுவுல விடு. உன் சமையல்லேர்ந்தாவது தப்பிச்சுக்கறேன்.”

வேறு நாளாக இருந்தால் அம்மா, “வாயக் கழுவுங்க!” என்று கத்தியிருப்பாள். நேற்று யாரும் கத்தவில்லை. அண்ணன் செருப்பைப் பார்த்தான். நான் பயத்தில் தாளை நீட்டினேன். அப்பா வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார்.

3

நேற்று மாலை எழுதிப்பார்த்த முடிவுகள்:

அ) அவர் தாளைத் திருப்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நாங்கள் கரும்புச்சாறு

(நிறுத்திவிட்டேன். மீன் வாங்கினாலும் புரட்டிப் பார்க்கிற மனிதர் அவர். மோட்டாரைக் கவிழ்த்துப் பார்க்காமல் கோளாறு சொல்லமாட்டார்.)

ஆ) அவர் படித்தார். பட்டறையில் உட்கார்ந்து அழுதார். அவருடைய தோள்கள்

(அழுகிற அப்பாவை நான் பார்த்ததில்லை. இந்த வரியில் இருப்பவர் வேறு யாரோ.)

4

இன்று காலை அம்மா சந்தைக்குப் போனபின் அப்பா பட்டறையிலிருந்து கூப்பிட்டார். இருமி முடித்தார். தலை நிமிரவில்லை.

“கடைக்குட்டி, உன் எழுத்து நல்லாயிருக்கு.”

“எந்தப் பக்கம்ப்பா?” கேட்டபின்தான் என்ன கேட்டேன் என்று தெரிந்தது.

“ரெண்டு பக்கமும்.”

ஸ்பானரை எடுத்தார். தேவையில்லாமல் ஒரு மரையைத் திருகினார்.

“அம்மாகிட்ட சொல்லாத. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் அவ ரெண்டு வாய் சாப்பிடறா. அண்ணன்கிட்டயும் வேணாம். பொய் சொல்லத் தெரியாத பய, மூக்கு செவக்கச் செவக்கச் சொன்னான்.”

“சரிப்பா.”

“இந்தத் தாள் என்கிட்டயே இருக்கட்டும். வேற எழுதிக் குடு. இந்தத் தடவ ரெண்டு பக்கமும் பாத்துக் கிழி.” சிரித்தார், அதுவே இருமலானது. “ஒரே ஒரு திருத்தம். போட்டோவ எட்டு மணிக்கு மாத்து. பத்து மணி வெயில்ல கண்ணு சுருங்கிடும். அந்த மாடத்துல எத்தனை வருஷம் உக்காந்திருக்கணுமோ. கண்ணையாவது தொறந்து வச்சிருக்கேன்.”

5

புதுத் தாளில் எட்டு மணி என்று எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்.

(அப்பா பேசியதை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டதற்கெல்லாம் நான் சொன்னது ‘சரிப்பா’ மட்டும்தான். கதையில் வேறு ஏதாவது பேசியதாக எழுதலாமா என்று யோசித்தேன். வரவில்லை.)

மதியம் அம்மா சுவரைப் பார்த்தாள். கையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது.

“ஏன்டி எட்டு மணி? பத்துன்னுதானே சொன்னோம்? யாரு மாத்தச் சொன்னது?”

தண்ணீர் எடுக்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன். குடம் பக்கத்தில் காலியாக இருக்க, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

‘நானேதான் மாத்தினேன்’ என்று எழுதி அடித்தேன். நான் எதையும் நானாக மாற்றியதில்லை, நம்பமாட்டாள். ‘அண்ணன்’ என்று எழுதி அடித்தேன், அவனிடம் கேட்பாள். ‘அப்பா’ என்று எழுதினேன். அதை இன்னும் அடிக்கவில்லை.

அந்த ஒரு சொல்லைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அழுவாள். அப்பா அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு நிற்பார். சொல்லாவிட்டால் நாங்கள் நால்வரும் படகில் உட்கார்ந்து நூடுல்ஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வோம்.

அம்மாவின் பொய், அப்பாவின் பொய் இரண்டும் தெரிந்தவர்கள், அப்பாவை விட்டால், நானும் நீங்களும்தான். நான் எழுதித்தான் பழகியவள், நீங்கள் பேசிப் பழகியவர்களாக இருக்கலாம். அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். நான் உள்ளே போய் வாயைத் திறப்பதற்குள் சொல்லுங்கள், யார் மாற்றச் சொன்னது?